கொச்சிக்கடைக் குண்டுவெடிப்பில் செவித்திறன் இழந்த மகளின் காயத்தை மறுமதிப்பீடு செய்யக் கோரும் மனு

பொறுப்பதிகாரி அவர்கள்,
இழப்பீட்டு விண்ணப்பப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முன்னர் கையளித்த மனுக்களுக்குப் பதில் எதுவும் கிடைக்காத நிலையில், இதனை மீண்டும் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றேன். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தையும், செவ்வாய்க்கிழமைகளில் அங்கு திரளும் எல்லா மதத்தவரையும் தாங்கள் நன்கு அறிவீர்கள்.

1. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை தற்கொலைக் குண்டு வெடித்தபோது, தரம் 3இல் கற்றுக்கொண்டிருந்த என் மகள் ஆலயத்தினுள் இருந்தாள். வெளிக்காயம் அதிகமில்லாமையால் அவளது பெயர் 'சிறு காயம்' என்ற பிரிவில் பதியப்பட்டது. இரு செவிப்பறைகளும் கிழிந்து உட்செவியும் பாதிக்கப்பட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது.

2. அப்பதிவு இன்றுவரை திருத்தப்படவில்லை.

3. பிள்ளை வளர வளரக் காதும் வளர்வதால், செவிப்புலன் கருவியைக் காதில் பொருத்தும் அச்சைத் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்ய வேண்டியுள்ளது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் என் கணவரின் கூலியில் அதை உரிய காலத்தில் செய்ய முடிவதில்லை. அச்சு தளர்ந்தால் கருவி கீச்சிடுகிறது. வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதால் அவள் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறாள். பின்னர் ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே பாடத்தை விளங்கிக்கொள்ள முயல்கிறாள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் இல்லை. இரவில் காதுக்குள் ஓயாமல் இரைகிறது என்று உறக்கமின்றி அழும் பிள்ளையின் அருகில் அமர்ந்திருப்பதைத் தவிர எங்களால் வேறெதுவும் செய்ய முடிவதில்லை. ஐயா, இது சிறு காயமா?

4. மறுமதிப்பீடு கோரியபோது, பங்குத்தந்தையின் உறுதிக்கடிதம் வேண்டுமென்றார்கள். நாங்கள் சைவர்கள், எந்தப் பங்கின் பதிவேட்டிலும் எங்கள் பெயர் இல்லை. அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வரும் சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அப்படியொரு பதிவு இருக்காது என்பது தங்களுக்குத் தெரியாததா? அன்று அவளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றவர் முச்சக்கரவண்டி ஓட்டும் எங்கள் முஸ்லிம் அயலவர். அடுத்த மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டபோது, எக்குற்றமும் செய்யாத அவர் வண்டியை வெளியே எடுக்கவே அஞ்சியிருந்தார். அவர் எழுதித் தந்த சாட்சிக் கடிதத்தையும் ஏற்க முடியாதெனத் திருப்பித் தந்தார்கள். அன்றைய திகதியிட்ட வைத்தியசாலை அனுமதிச் சீட்டு கோப்பிலேயே இருக்கும்போது, நாங்கள் இன்னும் எதை நிரூபிக்க வேண்டும்? யாரிடம் நிரூபிக்க வேண்டும்?

5. நாங்கள் தானம் கேட்கவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமை அடிப்படை உரிமை மீறலென 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாயும், உயர் பதவிகளில் இருந்த வேறு சிலர் தத்தமக்கு விதிக்கப்பட்ட தொகைகளும் செலுத்துமாறு உத்தரவிட்டது. அப்பணம் பாதிக்கப்பட்டோருக்கானது. என் மகள் பாதிக்கப்பட்டவள்.

ஆகவே, பங்குத்தந்தையின் கடிதம் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, அவளை மருத்துவ சபையொன்றின் முன் பரிசோதனைக்கு அழைத்து, காயத்தின் தரத்தைத் திருத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. அதற்கு முன்னராவது கருவி ஒழுங்காகப் பொருந்த வேண்டும். தயவுசெய்து அவளை அழைத்துப் பரிசோதியுங்கள், ஐயா. முடியாதென்றால், அதையாவது காரணத்துடன் எழுத்தில் தாருங்கள்.

இங்ஙனம்,
பிள்ளையின் தாய்,
கொழும்பு 13.