தவாவோவில் போணி

தவாவோ, பிலிப்பைன்ஸ், 14.9.2025
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே தங்கச்சி, பிள்ளைகள் சுகம்தானே? அத்தையின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. அடுத்த தடவை மறக்காமல் எழுது.

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். சாப்பாட்டுக் கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது. "உன் மருமகன் படிப்பை முடித்துவிட்டான், அங்கே ஊர் வளர்கிறது என்கிறாயே, ஒரு கடை வைத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வானா?" என்று கேட்டாய். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? இன்றைக்குக் கடையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் வளர்கிறதா என்றால், வளர்கிறது. 2001-ல் எகோலாண்ட் பக்கம் எஸ்.எம். மால் வந்தபோது மிண்டனாவோ தீவிலேயே அந்தக் கம்பெனிக்கு அதுதான் முதல் மால். 2011-ல் பஹாதாவில் அப்ரீசா என்கிற மால், அடுத்த வருஷமே லானாங்கில் இன்னொரு எஸ்.எம். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடி வீடும் கால் சென்டர் கட்டடமும்தான். 2020 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை கிட்டத்தட்ட 17 லட்சத்து 77 ஆயிரம். சாமால் தீவுக்குப் பாலம் கட்டுகிறார்கள். 2022 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள், நீளம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இன்றைக்கு அந்தத் தீவுக்குப் போக வேண்டுமென்றால் சாசா துறையில் வண்டியோடு வரிசையில் நின்று படகுக்குக் காத்திருக்க வேண்டும். பாலம் வந்துவிட்டால் ஐந்து நிமிஷ ஓட்டம். தீவில் நிலத்துக்கு இப்போதே கிராக்கி. பவளப்பாறைகள் அழிந்துவிடும் என்று போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. அந்தத் தண்ணீரில் காலை விட்டு நின்றவன் யாருக்கும் இருக்கும்.

ஆனால் மால்களையும் பாலத்தையும் பார்த்து மருமகனை அனுப்பிவிடாதே. இந்த ஊர் வியாபாரத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அதைத்தான் உனக்கு விளக்கமாகச் சொல்ல நினைத்தேன்.

ஆற்றங்கரையில் பாங்கெரோஹான் என்று ஒரு மார்க்கெட். ஊரிலேயே பெரியது, ராத்திரி பகல் கிடையாது. காலை நாலு மணிக்கு நான் போகும்போது 'அப்போ' என்கிற மலையின் சரிவு ஊர்களிலிருந்து வந்த முட்டைகோஸும் கேரட்டும் ஈரத்தோடு குவிந்து கிடக்கும். நம் ஊர்ச் சந்தை மாதிரியே இங்கும் கூறு கட்டி வைப்பார்கள். அதற்கு 'தும்போக்' என்று பேர். தக்காளி ஒரு கூறு, பச்சைமிளகாய் ஒரு கூறு, குட்டி எலுமிச்சை மாதிரி இருக்கிற கலமான்சி ஒரு கூறு.

அங்கே கீரை விற்கிற ஒரு அம்மா இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் நான்தான் அவருக்கு முதல் வாடிக்கை. முருங்கைக்கீரை வாங்கினேன். இங்கே அதைக் 'கமுங்காய்' என்பார்கள். பெயரிலேயே நம் முருங்கை கேட்கிறது, பார். நான் நீட்டிய நோட்டை வாங்கிய கையோடு, பரப்பி வைத்திருந்த கீரைக்கட்டு ஒவ்வொன்றின் மேலும் அதை விசிறுகிற மாதிரி தடவிக்கொண்டே போனார். வாய் 'புவெனா மானோ, புவெனா மானோ' என்று முணுமுணுத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மாப்ளே. உங்க அப்பா கடையில் முதல் ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவாரே, அதே போணி. வீட்டுக்கு வந்து அவளிடம் அர்த்தம் கேட்டேன். ஸ்பானியச் சொல்லாம், 'நல்ல கை' என்று அர்த்தமாம். நாம் கைராசி என்கிறோம் இல்லையா? அதேதான்.

அந்த அம்மாவின் நம்பிக்கை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. இந்த நாட்டில் இந்தியனைப் பார்த்தால் 'பும்பாய்' என்பார்கள். பம்பாய்தான் அப்படித் திரிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுக்கிற ஆட்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். அந்தத் தொழிலுக்கு 'ஐந்து-ஆறு' என்றே பேர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், நம் ஊர்த் தண்டல் மாதிரி. மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிற பல பேருக்கு அந்தப் பணம்தான் முதல். முதல் மாதம் என்னைப் பார்த்ததும் சிலர் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். தவணை கேட்க வந்தவன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் வாங்குகிறவன், கொடுக்கிறவன் இல்லை என்று புரிய நாளாயிற்று.

புரிந்த பிறகு நடந்ததைக் கேள். இந்தப் பக்கம் முருங்கைக்கீரையைத்தான் சாப்பிடுவார்கள், காயை யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. சாம்பாருக்கு வேண்டும் என்று நான் கையைக் காட்டிச் சொன்னேன். அன்று முதல் அந்த அம்மா தன் தோட்டத்து மரத்துக் காயைப் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி, பலகைக்கு அடியில் எனக்காக எடுத்து வைக்கிறார். 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும் வெங்காயம் கிலோ 600 பெசோவைத் தாண்டியது, கறியைவிட விலை. வெங்காயம் இல்லாமல் நம் சமையல் ஏது? அப்போது அவருக்குத் தெரிந்த வெங்காயக்காரரிடம் கூட்டிப்போய், இவன் என் 'சுக்கி', வாரக் கடைசியில் கொடுப்பான் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

இந்தச் 'சுக்கி' என்கிற சொல்லை மருமகன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் என்று சொல்லலாம், ஆனால் அது பாதி அர்த்தம்தான். வாங்குகிறவன் விற்கிறவனைச் சுக்கி என்பான், விற்கிறவனும் அவனைச் சுக்கி என்பான். இரண்டு பேருக்கும் ஒரே பேர், இரண்டு பேருக்கும் கடமை உண்டு.

எங்கள் தெருவில் எத்தனை வீடோ, அதில் பாதிக்குக் கடை உண்டு. 'சாரி-சாரி' என்பார்கள், இரும்புக் கம்பிக்குப் பின்னால் நம் பெட்டிக்கடை. பூண்டு இரண்டு பல், சின்னப் பாலிதீன் பையில் முடிந்த எண்ணெய், ஒற்றைப் பாக்கெட் ஷாம்பு. தினக்கூலி கையில் வருகிற ஊரில் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும். அப்புறம் கடன் நோட்டு. எங்கள் கடையிலும் ஒன்று தொங்குகிறது. ஜிகேஷ் என்று நம் ஜிபே மாதிரி போனில் பணம் அனுப்புகிற வசதி தெருக்கோடிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் நோட்டு போகவில்லை, போகாது என்றுதான் நினைக்கிறேன்.

மால் பற்றி என் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலின் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் தோசைக்கடை போட்டோம். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். வாடகை, அதற்கு மேல் விற்பனையில் பங்கு, மின்சாரம், குளிர்சாதனத்துக்குத் தனி. திங்கள் முதல் வியாழன் வரை ஆள் வருவார்கள், குளுகுளு காற்று வாங்கிக்கொண்டு நடந்துவிட்டுப் போவார்கள். எட்டாவது மாதம் மூடினோம். அவள் தோட்டை விற்றுத்தான் கடனை அடைத்தேன். அந்த ராத்திரி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி. வெளிநாட்டுக்காரன் இங்கே சில்லறை வியாபாரம் செய்ய வேண்டுமென்றால், 2021-ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும், குறைந்தது இரண்டரைக் கோடி பெசோ முதல் காட்ட வேண்டும். நிலம் வாங்கவே முடியாது. எங்கள் கடை என் வீட்டுக்காரி பெயரில்தான் இருக்கிறது. பாரங்காய் என்கிற வார்டு ஆபீசில் சான்று, தீயணைப்புச் சான்று, மேயர் அனுமதி, ஒவ்வொரு ஜனவரியும் புதுப்பிக்கிற வரிசை, எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. தெரிந்தவர் பெயரில் கடை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது மருமகனிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. என் மெஸ் நம்பியிருந்தது நம் பிள்ளைகளைத்தான். தவாவோ மெடிக்கல் ஸ்கூலில் படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள், ஆந்திரப் பிள்ளைகள். 2021-ல் இந்தியாவில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு விதி மாறியதும் புதிதாக வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அப்போதுதான் புத்தி வந்தது. கால் சென்டர் பிள்ளைகள் ராத்திரி ஒரு மணிக்குப் பசியோடு வெளியே வருவார்கள். அவர்களுக்காகக் கோழிக்குழம்பில் காரத்தைக் குறைத்துத் தேங்காய்ப்பாலைக் கூட்டினேன். இன்றைக்குக் கடையில் பாதிக்கு மேல் உள்ளூர் முகங்கள்.

சரி, உனக்குப் பிடித்த சேதி. உன் ஜி-9 வாழையின் சொந்தபந்தங்கள்தான் இங்கே பனாபோ, தாகும் பக்கமெல்லாம். கண்ணுக்கெட்டிய தூரம் கேவண்டிஷ் ரக வாழை, தாருக்கு நீலப் பை மாட்டி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். வாடல்நோய் வந்து எத்தனையோ தோட்டம் போயிற்று. நீ வந்து பார்த்தால் ஒரு நாள் முழுக்க நகர மாட்டாய்.

வாழையை விட்டு துரியான் பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் சீனாவோடு ஒப்பந்தமாகி, ஏப்ரலில் முதல் லோடு போனது. இப்போது சீசன். மக்சாய்சாய் அவென்யூவில் வரிசையாகக் கடை. புயாத் என்கிற ரகம் மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். கடைக்காரர் தட்டிப் பார்த்து, கத்தி முனையால் சின்னதாகக் கீறி, நம்மை மோந்து பார்க்கச் சொல்வார். ஓட்டலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கேயே நின்று சாப்பிட வேண்டியதுதான்.

போன மாதம் கடாயவன் திருவிழா முடிந்தது. அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ். ஆமாம், செப்டம்பர் முதல் தேதியே கடைகளில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். 'பர்' என்று முடிகிற மாதம் வந்தாலே இங்கே கிறிஸ்துமஸ்தான். தனியாரிடம் வேலை பார்க்கிற சாதாரணத் தொழிலாளர்களுக்கு டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், 1975-லிருந்தே சட்டம். நம் தீபாவளி போனஸ் மாதிரி. அந்தப் பணம் கைக்கு வந்த வாரம் ரோகாஸ் இரவுச்சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் கடன் நோட்டிலும் அப்போதுதான் கோடு விழும்.

அதனால் நான் நினைப்பது இதுதான். கடை வேண்டாம், இப்போதைக்கு. மருமகன் ஒரு தடவை சும்மா வரட்டும். 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் 14 நாள் இருந்துவிட்டுப் போகலாம். 2025 அக்டோபர் 1 முதல் டெல்லியிலிருந்து மணிலாவுக்கு நேர் விமானமும் விடுகிறார்கள். டிசம்பர் நடுவில் வந்தால் சரியாக இருக்கும். தினமும் காலை நாலு மணிக்கு என்னோடு பாங்கெரோஹான் வரட்டும், ராத்திரி கடையில் நிற்கட்டும். இங்கே வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் "அயோ!" என்று கூப்பிடுவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவை. நம் காதுக்கு ஐயோ என்றே விழும். முதல் வாரம் நான் பதறியடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

முடிந்தால் நீயும் வா. நாம் பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷமாகிறது. தங்கச்சியையும் கூட்டிவா, என் வீட்டில் அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

வரும்போது கட்டிப் பெருங்காயம் இரண்டு டப்பா, இறுகக் கட்டி எடுத்து வா. கீரை அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. அவர் சேலை கட்ட மாட்டார், ஆனால் பலகைமேல் விரிக்க ஒரு துணி கேட்டுக்கொண்டிருக்கிறார். சிவப்பில் எடு.

அத்தையின் முட்டுவலியைப் பற்றி எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை