பச்சைப் புல்விரிப்பு இனி ஏன் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டெல்டா ஊர் ஒன்றின் சரக்கு ரயில் நிலையத்தை நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87) மாடல் ரயிலாகக் கட்டும் எங்கள் டெல்டா கூட்ஸ் ஷெட் தொகுப்பின் அடுத்த சுற்று தயாராகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு மூன்று மாற்றங்கள் கண்ணில் படும். சுருளாக வந்துகொண்டிருந்த பச்சைப் புல்விரிப்பு பட்டியலில் இல்லை. தொகுப்பு இரண்டு பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. பிசிஎன் என்ற மூடிய சரக்கு வேகனின் கிட் ஒவ்வொன்றுக்கும் 140 ரூபாய் கூடியிருக்கிறது. போனில் கேட்பவர்களுக்கெல்லாம் பாதி பாதியாகச் சொல்வதைவிட, காரணங்களை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம்.

முதலில் புல். அந்த விரிப்பு நல்ல சரக்குதான். ஆனால் ஜெர்மனியின் புல்வெளிக்கும் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்துக்கும் என்று செய்த நிறம் அது. அதை விரித்து, மேலே நம்ம ஊர் வேகனை நிறுத்தினால், வேகன் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் வேற்றூரில் வழி தவறி நிற்பதுபோல் இருக்கும். இது ரசனை பற்றிய விஷயம் மட்டும் இல்லை. கூட்ஸ் வண்டி ஓர் ஊரில் நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்; அந்தக் காரணத்துக்கு ஒரு மாதமும் இருக்கும். 'தஞ்சையிலிருந்து இரண்டாயிரம் டன் நெல் அரவைக்காகச் சரக்கு ரயிலில் அனுப்பிவைப்பு' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஷெட்டில் மூட்டை அடுக்கியிருக்கிறது என்றால் எங்கோ அறுப்பு முடிந்திருக்கிறது. அப்படியிருக்க, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வயல் முழுக்க ஒரே பச்சையாக இருந்தால் கணக்கு இடிக்கிறது அல்லவா?

அதனால்தான் இரண்டு பருவம். தை–மாசித் தொகுப்பு சம்பா அறுவடைக்கானது. இதில் வயலுக்கு வைக்கோல் நிறத்தில் 2 மி.மீ. செயற்கைப் புல் இழை கொடுக்கிறோம், அறுத்த தாள் நிற்பதற்கு அதுதான் அளவு. கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தில் இளம்பச்சைத் தூள் இருக்கும். அது எதற்கு என்று முன்பதிவு செய்த சிலர் கேட்டார்கள். டெல்டாவில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே ஈரம் இருக்கும்போது உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அறுத்து முடித்ததும் தாளுக்கு நடுவே அது முளைத்துக்கொண்டிருக்கும். எல்லா வயலிலும் தூவ வேண்டாம். இரண்டு வயலில் தூவி, மூன்றாவதை வெடித்த நிலமாக விட்டால் போதும், பார்ப்பவர்களுக்கு மாதம் புரிந்துவிடும்.

புரட்டாசி–ஐப்பசித் தொகுப்பு குறுவைக்கானது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் ஒழுங்காக வந்த வருடத்தில் குறுவை இந்த மாதங்களில் அறுப்புக்கு வரும். இங்கேதான் வேடிக்கை: ஒரு வயலில் குறுவை மூட்டையாகிறது, அடுத்த வயலில் சம்பா நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கிறது. ஆகவே மூட்டையும் பச்சையும் ஒரே காட்சியில் வேண்டும் என்பவர்கள் இதையே வாங்குங்கள். ஆனால் நாற்றின் பச்சை மஞ்சள் கலந்தது, அடியில் சேறு தெரியும். 4 மி.மீ. இழையை வயல் முழுக்கத் தூவாமல், கொத்துக் கொத்தாக வரிசையில் நட வேண்டும். நடுவதற்கு முன் சேற்று நிறம் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக ஊற்றினால் காயாமல் மங்கிப் போகும். இந்தப் பருவத்தில் மழை பயம் உண்டு என்பதால் மூட்டை அட்டிக்கு மேல் போட நீலத்திலும் கறுப்பிலும் தார்ப்பாய்த் தாள் வைத்திருக்கிறோம்.

மண்ணும் ஜல்லியும் எங்களிடம் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வயல் மண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். உலரவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, பழைய வாணலியில் நன்றாக வறுத்துவிடுங்கள். வறுக்காவிட்டால் பூச்சி முட்டை பொரித்து லேஅவுட்டில் (நீங்கள் கட்டும் மாடல் ஊரில்) புதுக் குடித்தனம் வந்துவிடும். (சமையல் வாணலியைத் தொட்டு வீட்டில் சண்டை வந்தால் நாங்கள் பொறுப்பில்லை.) ஜல்லிக்கு ஆற்றுமணல் சரிவராது, உருண்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். எம் சாண்டு பிரமாதம். அது பாறையை உடைத்து வருவது, முனை கூர்மையாக இருக்கும். நிஜ ஜல்லியில் பெரிய கல் 65 மி.மீ. இருக்கும், 1:87 அளவில் அது முக்கால் மில்லிமீட்டர்தான். டீ வடிகட்டியில் சலித்து விழுவதே போதும். ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் நாலு தடவை ஓட்டுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரும்புத் துகளை விட்டுவைத்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்து உள்ளே சேர்த்துவிடும்.

ஒட்டும் முறை பழையதுதான். ஜல்லியைத் தூவி, பிரஷால் ஸ்லீப்பர் மேலிருந்து தள்ளிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளியுங்கள். அப்புறம் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். மெயின் லைனுக்கு இவ்வளவு ஜல்லி சரி. ஷெட் லைனில் குறைத்துவிடுங்கள். லாரி வந்து வந்து அங்கே தரை இறுகிப்போயிருக்கும், ஸ்லீப்பர் பாதி மண்ணில் புதைந்திருக்கும், சிந்திய நெல்லும் சணல் துணுக்கும் கிடக்கும். ஒரு ஆட்டை மேயவிட்டால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

மூட்டைக்கு வருவோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ எடை. எங்கள் அளவில் அது 10 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம். தொகுப்பில் வார்த்த ரெசின் மூட்டைகள் இருக்கின்றன. போதவில்லை என்றால் நீங்களே செய்யலாம்: காற்றில் உலரும் களிமண்ணைத் தகடாக உருட்டி, மேலே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வைத்து அழுத்தினால் சணல் நெசவு அப்படியே பதியும். துணியை எடுத்துவிட்டு வெட்டி, ஒரு முனையை மட்டும் நகத்தால் கிள்ளுங்கள். தைத்த வாய் அதுதான். எல்லா மூட்டையும் ஒரே பழுப்பில் இருந்தால் பொய்யாகத் தெரியும். புதுச் சாக்கு பொன்னிறம், திரும்ப வந்த சாக்கு சாம்பல் ஓடிய பழுப்பு. இரண்டாயிரம் டன் என்றால் 50,000 மூட்டை. பயப்பட வேண்டாம், அட்டிக்குள் தெர்மாகோல் கட்டையை வைத்து வெளிச்சுற்றுக்கு மட்டும் மூட்டை அடுக்குங்கள். ஸ்பிரே பெயின்ட் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும், கவனம்.

இனி வேகனும் அந்த 140 ரூபாயும்.

நிஜ பிசிஎன் வேகன், அடுத்த வேகனோடு இணைக்கும் கப்ளிங்கோடு சேர்த்து 15.4 மீட்டர் நீளம். கிட் 177 மி.மீ. வருகிறது. இதுவரை எடைக்கு இரும்பு வாஷர் கொடுத்து வந்தோம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்குப்படி எச்ஓ (1:87 அளவு) வேகனுக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸும், உடல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் வேண்டும். நம் பிசிஎன்னுக்கு அது ஏறக்குறைய 120 கிராம். எடை குறைந்தால், வளைவில் நீண்ட வண்டியை இழுக்கும்போது நடு வேகன்கள் உள்பக்கம் சாய்ந்து தடம்புரளும். எடையில் இரும்பு குறைவைக்கவில்லை. ஆனால் உங்களில் பலர் கேடீ என்ற, காந்தத்தால் கழலும் கப்ளிங் போட்டு, தண்டவாளத்துக்கு அடியில் காந்தம் வைத்து வேகனைக் கழற்றுகிறீர்கள். வேகனின் அடித்தளத்தோடு ஒட்டிய இரும்பு அந்தக் காந்தத்தைக் கடக்கும்போது வேகன் ஒரு வெட்டு வெட்டும். தனியாக நிற்கும் வேகன் தானாக நகர்ந்தும் போகும். எனவே இந்தச் சுற்றிலிருந்து பித்தளைக் கட்டைகள், அச்சும் காந்தம் இழுக்காத உலோகம். கூடியிருக்கும் விலை முழுக்க அதற்குத்தான். கட்டைகளை நடுவில் ஒன்றாகக் குவிக்காமல் இரண்டு போகிகளுக்கும் (சக்கரச் சட்டங்களுக்கும்) மேலே ஒவ்வொன்றாக ஒட்டுங்கள்.

கப்ளிங் உயரம் பற்றி வந்த கடிதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நம் ரயில்வேயில் கப்ளிங் மையம் தண்டவாளத்துக்கு மேல் அதிகபட்சம் 1,105 மி.மீ. உயரத்தில் இருக்கலாம், அளவில் குறைத்தால் 12.7 மி.மீ. என்எம்ஆர்ஏ உயரமோ 10 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நிஜத்தைப் பின்பற்றினால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எந்த எஞ்சினோடும் எங்கள் வேகன் சேராது. ஓடாத வேகனை அலமாரியில் வைத்துப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. அதனால் உயரம் என்எம்ஆர்ஏ கணக்கிலேயே இருக்கும். நல்ல வேளையாக நம் கூட்ஸ் வண்டிகளிலும் அமெரிக்காவைப்போல நடுக் கப்ளிங்தான் என்பதால், கேடீ போட்டால் முகம் பொருந்திப் போகிறது.

தண்டவாள அகலமும் இதே கதைதான். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 1:87-இல் 19.3 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. மேலிருந்து பார்த்தால் வேகன் தண்டவாளத்தை மீறி அகலமாகத் தெரியும். இதற்கு மருந்து காட்சியமைப்பில்தான் இருக்கிறது: லேஅவுட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள், ஷெட் மேடையை வேகன் கதவுக்கு நெருக்கிக் கட்டுங்கள். அகல வித்தியாசம் மேடைக்குப் பின்னால் போய்விடும். மீட்டர் கேஜ் கேட்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 1:87-இல் 11.5 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. பழைய மீட்டர் கேஜ் நாளின் டெல்டா வேண்டும் என்று கேட்ட பெரியவர்களின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. வேலை நடக்கிறது, தேதி சொல்வதற்கில்லை.

எண் ஒட்டுத்தாளில் இம்முறை ஒவ்வொரு வேகனுக்கும் வேறு வேறு 11 இலக்க எண் இருக்கிறது. முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அதற்கடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு வேகனின் சொந்த எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். அதையும் ஒழுங்காகக் கணக்கிட்டே அச்சிட்டிருக்கிறோம். கூட்டிப் பார்க்கும் ஆட்கள் உங்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். கதவில் சாக்பீஸ் கிறுக்கலுக்கு வெள்ளைக் கலர் பென்சிலே போதும்.

எத்தனை வேகன் வாங்குவது? முழு ரேக் (ஒரே வண்டியாக ஓடும் வேகன் வரிசை) 42 வேகன். அதை அப்படியே வைத்தால் எஞ்சின் நீங்கலாகவே ஏழரை மீட்டர் ஓடும். கல்யாண மண்டபம் இல்லாமல் முடியாது. எங்களுக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறோம்: ஆறு வேகனும், கடைசியில் கார்டு ஏறும் பிரேக் வேன் ஒன்றும் போதும். வரிசையின் ஒரு முனையைப் புளியமரத்துக்குப் பின்னாலோ மேம்பாலத்துக்கு அடியிலோ மறைத்துவிட்டால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண் சேர்த்துக்கொள்ளும். நீடாமங்கலம் கேட்டில் காத்து நின்றவர்களுக்கு ரேக்கின் நீளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் இரண்டு லாரியும் பத்து லோடுமேன்களும் வாங்குங்கள். ஆள் இல்லாத ஷெட்டில் எத்தனை வேகன் நின்றாலும் அது யார்டுதான்.

தென்னை பற்றி ஒரு வரி: 15 மீட்டர் மரம் 17 செ.மீ. வர வேண்டும், ஆனால் சின்ன லேஅவுட்டில் அது எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எங்கள் மரங்கள் 12 செ.மீ.தான், தெரிந்தே குறைத்தது.

ஆர்டர் அனுப்பும்போது தை–மாசியா, புரட்டாசி–ஐப்பசியா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாதவர்களுக்குத் தை–மாசி அனுப்புவோம். பழைய இரும்பு வாஷர் கிட் வைத்திருப்பவர்கள் பித்தளைக் கட்டையும் அச்சும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ரெசின் கூரை வெயிலில் வளையும் என்பதால் சித்திரை, வைகாசியில் வேகன் கிட்டுகளைக் கூரியரில் அனுப்புவதில்லை. நேரில் வருபவர்களுக்கு மட்டும் கொடுப்போம். அவர்களும் வண்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டாம். பச்சை விரிப்பு இன்னும் சில சுருள் கையிருப்பில் இருக்கிறது. வெளிநாட்டு லேஅவுட் வைத்திருப்பவர்கள் கேட்டால் பாதி விலைக்குத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்தும் பட்டறையிலிருந்தும்