எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் வந்தால் போதும், ஹட்டனில் இருந்து தலவாக்கலை வரைக்கும் பாடசாலை மதில்களில் பேனர் தொங்கும். 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். தமிழ் வரி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதற்குக் கீழே உள்ள ஆங்கில வரியில்தான் வினையே. டீச்சர்ஸ் டே என்பதில் யாருடையது என்று காட்ட வரவேண்டிய அந்தச் சின்னக் குறி, அப்பொஸ்ட்ரபி, ஒரு பேனரில் எஸ்ஸுக்கு முன்னால், அடுத்ததில் பின்னால், இன்னொன்றில் ஆளையே காணோம்.

பேனர் அடிக்கிற பையன்களைத் திட்டிப் பிரயோசனமில்லை, எழுதிக் கொடுத்ததைத்தானே அடிக்கிறார்கள். காதும் இதில் உதவாது. பல ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருடைய, பல ஆசிரியர்களுடைய என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வாயில் வருவது ஒரே டீச்சர்ஸ்தான். நாம் 'கள்' போட்டுப் பன்மையை முடித்துவிட்டு அதன் மேல் 'இன்' ஏற்றுகிறோம், குழப்பமில்லை. அங்கே பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ், இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு எஸ்ஸை விழுங்கிவிட்டுக் குறியை மட்டும் கடைசியில் வைக்கிறார்கள்.

என்னுடைய ஆதங்கம் பேனர் இல்லை. பாடசாலையிலும் டியூஷனிலும் பையனுடைய புத்தகம், குமாருடைய பேனா என்று ஒருமையையே உருப்போட வைத்துவிட்டு, பன்மைக்கு வரும்போது இரண்டு வரியில் கடந்து போய்விடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகள் நாளைக்கு எழுதப்போவது என்ன? இரண்டு நாள் லீவு கேட்டுக் கடிதம், பதினான்கு நாள் முன்னறிவித்தல், பழைய மாணவர் சங்கத்துக்கு லெட்டர்ஹெட். எல்லாமே பன்மை! தொழிற்சங்கப் பெயர்களைப் பாருங்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆங்கிலப் பெயரில் வொர்க்கர்ஸ் என்பதற்கு எஸ்ஸுக்குப் பின்னால்தான் குறி. தோட்டச் சம்பளக் கூட்டு ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்த முதலாளிமார் சம்மேளனத்துக்கும், 1854இல் தொடங்கிய, தோட்டத் துரைமாரின் பிளாண்டர்ஸ் அசோசியேஷனுக்கும் அப்படியேதான். சம்பள விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தவணைப் பரீட்சையில் லீவுக் கடிதம் எழுதும்போது டூ டேய்ஸ் லீவ் என்பதில் எஸ்ஸுக்குப் பின்னால் சரியாகக் குறி போட்டிருந்தது. திருத்தியவர் சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, எஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தி, அரைப் புள்ளியும் குறைத்துவிட்டார். ஒரு நாள் லீவென்றால் அவர் செய்தது சரி. இரண்டு நாளென்றால் பிள்ளை எழுதியதுதான் சரி. அவ்வளவும் பார்த்துப் பார்த்துப் படித்த பிள்ளை இனி என்ன நினைக்கும்?

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உடைமைக்காரரை முதலில் தனியாக, பன்மையிலேயே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் எஸ் இருந்தால் குறி மட்டும் போதும். சில்ட்ரன், விமன், மென், பீப்பிள் மாதிரி எஸ் இல்லாமலே பன்மையாக நிற்பவற்றுக்குக் குறியும் போட்டு எஸ்ஸும் போட வேண்டும். ஆகவே சிறுவர் தினத்திலும் மகளிர் தினத்திலும் குறி எஸ்ஸுக்கு முன்னால், ஆசிரியர் தினத்தில் பின்னால். சில்ட்ரன்ஸ் என்பதில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டால் சில்ட்ரன்ஸ் என்று ஒரு பன்மை இருப்பதாக ஆகிவிடும், அப்படி ஒரு சொல்லே கிடையாது.

அப்போ அன்னையர் தினத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் ஒருமை என்று கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், ஒவ்வொருவரும் தத்தமது தாயை நினைக்க வேண்டும் என்பதற்காக ஒருமையில்தான் எழுத வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார், 1914இல் அரசு அறிவித்ததும் அப்படியே. பெயராகிவிட்டால் வைத்தவர் இஷ்டம்தான். அதே நாட்டின் முன்னாள் படைவீரர் தினமான வெட்டரன்ஸ் டேயில் குறியே இல்லை. நம் மலைகளில் அடம்ஸ் பீக், பேக்கர்ஸ் ஃபால்ஸ், லிப்டன்ஸ் சீட் எல்லாமே ஓர் ஆளுக்குச் சொந்தம், தகராறில்லை. நுவரெலியாவின் லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சிதான் சிக்கல். கதைப்படி குதித்தது இளவரசனும் அவன் காதலியும், இரண்டு பேர், ஆனாலும் ஒருமையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் குறி பின்னால்தான் போகவேண்டும், அவளையும் சேர்த்து எண்ண வேண்டாமா?

உங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் இந்தப் பன்மைப் பாடத்துக்கு ஒருநாள் இடம் ஒதுக்கினால் நல்லது. அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: பேனர் அடிக்கக் கொடுக்குமுன் ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் ஆங்கில வரியை எடுத்துவிட்டு ஆசிரியர் தின வாழ்த்துகள் என்று தமிழில் மட்டும் போடுங்கள், எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகர்,
ஹட்டன்.