ஓகஸ்டில் போகாதே, மச்சான்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் கம்பஸ் முடித்துவிட்டான் என்று அறிய வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே கச்சான் காற்று கொளுத்துகிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு முன் யாரும் முற்றத்தில் இறங்குவதில்லை. கடற்கரை முழுக்க வெள்ளைக்காரர், மீன் விலையும் அவர்களுக்கு ஏற்ற மாதிரித்தான். மற்றபடி எல்லாம் பழையபடி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் பொடியன்களோடு அமெரிக்காவின் அரிசோனா, யூட்டாப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போகிறாய். "திருகோணமலை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு வெயிலா" என்றும் எழுதியிருக்கிறாய். மகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் மருமகன் என்னை அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தவர். அந்தத் துணிவில் சொல்கிறேன், உன் கணக்குப் பிழை.

இங்கே வியர்வை சட்டையில் ஊறி ஒட்டும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறதென்று விளங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றராவது வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து, தலை சுற்றி, சத்தி வந்து, ஆள் தடுமாறத் தொடங்கிவிடும். உன் மனைவி செய்யும் மிக்சரை நிறையக் கட்டிக்கொண்டு போ. கோடையில் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் ஏற வேண்டாமென்று கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்குப் பூங்காக் காவலர்கள் சொல்வார்கள். இன்னொன்று, மலையென்றால் தெம்பிருக்கும்போது ஏறிவிட்டு, களைத்த பிறகு இறங்கலாம். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். சும்மா இறங்கிவிடலாம், வெயில் ஏறிய பிறகுதான் ஏற்றம் வரும். இறங்க ஒரு மணித்தியாலமென்றால் ஏற இரண்டு என்று வைத்துக்கொள்.

வெயிலைவிட எனக்குப் பயம் தண்ணீர்தான். பாலைவனத்தில் என்ன வெள்ளம் என்று சிரிக்காதே. அங்கே ஜூலை தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதி வரை பின்னேரங்களில் இடியுடன் மழை கொட்டும். பாறை தண்ணீரைக் குடிக்காது. எங்கோ பெய்தது முழுவதும் வழிந்து, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய இடுக்குக்குள் பாயும். 1997 ஓகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் அன்டிலோப் கன்யன் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கில் 11 உல்லாசப் பயணிகள் அப்படித்தான் செத்துப்போனார்கள். மழை பெய்தது மைல்கணக்கில் தள்ளி. அப்படியொரு இடுக்குக்குள் நான் நிமிர்ந்து பார்த்தபோது, தலைக்கு மேலே இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு முழு மரக்குற்றி குறுக்கே இறுகிக் கிடந்தது, காய்ந்த புல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய வெள்ளம் கொண்டுவந்து சொருகியது. அதற்குப் பிறகு எனக்கு அங்கே படம் எடுக்கும் ஆசை போய்விட்டது. மேலே வானம் நீலமாக இருப்பதை நம்பாதே. காலையில் காவலரிடம் கேட்டுவிட்டுப் போ. ஓடும் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இரைச்சல் கேட்டாலோ பையைப் பார்க்காதே, மேட்டுக்கு ஏறு.

புறப்படும்போது எங்கே போகிறாய் என்று கேட்டால் போன காரியம் கெடும் என்று ஆச்சிமார் ஏசுவார்களே, அந்தச் சாத்திரம் அங்கே சரிவராது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. போன் பெரும்பாலும் வேலை செய்யாது. 2003இல் யூட்டாவில் ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் யாருக்கும் சொல்லாமல் தனியே போய், பாறையில் கை நசிந்து, தேட வர ஆளில்லாமல் கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அப்புறம் உன் பொடியன்களுக்குச் சொல்ல வேண்டியது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. அங்கே மண்ணின் மேல் அடிப்பிடித்த சோறு மாதிரி கறுப்பாக, முண்டுமுடிச்சாக ஒரு பொருக்கு இருக்கும். நுண்ணுயிர்கள் மணலைக் கட்டிப் பிடித்து உண்டாக்கியது. ஒரு மிதி பட்டால் பழையபடி வரப் பல வருசம் எடுக்கும். பாறையில் பழைய ஆட்கள் பதித்த கையடையாளங்கள் இருக்கும். அளவு பார்க்கிறேன் என்று கையை வைக்கவிடாதே, தோலின் எண்ணெய் நிறத்தைத் தின்றுவிடும். மட்பாண்டத் துண்டு ஒன்று கண்டாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். எடுத்தால் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கத்துப் பழங்குடியினரான ஹோப்பி மக்களுக்கு அவை முன்னோர் விட்டுப்போன இடங்கள். அன்டிலோப் கன்யன் இன்னொரு பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம், அவர்களின் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. இங்கே கோட்டைக்குள் மான்கள் ஆட்கள் வீசும் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, எங்களுக்கும் அப்படி யாராவது கண்டிப்பாக இருந்தாலென்ன என்று தோன்றும்.

ஒரு சங்கடமான சங்கதி. பல இடங்களில் மலத்தையும் அதற்கென்றே விற்கும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த வறட்சியில் எதுவும் இலேசில் உக்காது, தோடம்பழத் தோல்கூட. இந்தப் பந்தியை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்காதே.

ஒக்டோபருக்கு மாற்ற முடியுமா என்று பார். மழைக்காலம் முடிந்திருக்கும், வெயிலும் தாங்கலாம்; இரவில் மட்டும் நன்றாகக் குளிரும். மாற்றினால் எழுது, மருமகனும் லீவு எடுத்துக்கொண்டு உங்களோடு வருவார். சின்னவனுக்குச் சப்பாத்து வாங்கும்போது அரை அளவு பெரிதாக வாங்கு. இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுத்துவிடும்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்