பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பூஞ்சைகள் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் மரபணுவைப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டதால் உலர்த்திச் சேமித்து வைத்த பழைய பூஞ்சை மாதிரிகளுக்கு இனி வேலை இல்லை என்று போகிறபோக்கில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. நடப்பது நேர்மாறு. 1840களில் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய உருளைக்கிழங்குக் கருகல் நோய், அதன் கிருமியின் எந்த உள்வகையால் வந்தது என்பது 2013இல்தான் தெளிவானது. அதைக் காட்டிக்கொடுத்தவை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் நூறாண்டுக்கு மேல் மடித்து வைத்திருந்த, நோய் கண்ட காய்ந்த இலைகள். (கண்டிப்பாகப் பார்த்தால் அந்தக் கிருமி பூஞ்சையே இல்லை. ஆனாலும் அதற்கு இடம் பூஞ்சை அலமாரியில்தான்.)

நமக்கு இன்னும் நெருக்கமானது காப்பித் துரு, காப்பி இலையில் பூஞ்சையால் வரும் நோய். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் இலங்கையிலிருந்து அனுப்பிய காப்பி இலைகளைப் பார்த்துத்தான், 1869இல் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார் அந்தப் பூஞ்சையை விவரித்து எழுதினார். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையில் காப்பி ஒழிந்து தேயிலை வந்துவிட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிரில் வரும் பூஞ்சைக்காவது கவலைப்பட ஆள் உண்டு. காட்டில் உதிர்ந்த சருகில், பட்டுப்போன கிளையில், மாட்டுச் சாணத்தில் வாழும் நுண்பூஞ்சைகளை யார் தேடிப் போகிறார்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சை ஆய்வாளர் சி.வி. சுப்பிரமணியனும் அவர் மாணவர்களும் போனார்கள். 1950களிலிருந்து உலகுக்கே புதிய எத்தனையோ பூஞ்சைப் பேரினங்களை அவர் விவரித்தார்.

வேலை எளிமையானதுதான், பொறுமை வேண்டும். சருகை எடுத்துவந்து ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டில் (மூடியுள்ள சிறு வட்டத் தட்டு) வைத்தால், சில நாளிலோ சில வாரத்திலோ பூஞ்சை தலைகாட்டும். நுண்ணோக்கியில் பார்த்து, படம் வரைந்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி ஏற்றி, மிச்சத்தை உலர்த்திக் காகிதத்தில் மடித்து, மேலே சீட்டு ஒட்டுவார்கள். எந்தச் செடியின் இலை, எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார், இனம் கண்டவர் யார் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஒரே சருகில் நாலு பூஞ்சை வந்தால் நாலுக்கும் தனித்தனிப் பதிவு. பொட்டலத்துக்குள் இருப்பதோ பாதி இலை. மரபணு ஆய்வுக்குக் கொஞ்சம் கிள்ளினால் அதுவும் குறையும். சீட்டில் எழுதியது குறையாது.

சிக்கலும் சீட்டில்தான். சீட்டில் ‘மதராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது நகரமா, பழைய மாகாணமா? தேதி காட்டில் சருகு பொறுக்கிய நாளா, தட்டில் பூஞ்சை முளைத்த நாளா? இடம் சரியாகக் குறிக்காத பதிவை இணையத் தரவுத்தளத்தில் ஏற்றினால், சில சமயம் கணினி நாட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது. அப்புறம் நீலகிரிச் சோலைக்காட்டுப் பூஞ்சை மத்திய இந்தியாவில் வாழ்வதாக யாராவது வரைபடம் போட்டுவிடுவார்கள். இதைத் திருத்த, சேகரித்தவரின் களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது, இந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் கிடைப்பதில்லை.

பெரிய நிறுவனங்களை விடுங்கள். புனேயின் அகார்கர் நிறுவனத்திலும் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் மாதிரிகளுக்கு முறையான எண்ணும் இடமும் உண்டு. எனக்குக் கவலை கல்லூரிகளைப் பற்றி. முனைவர் பட்டத்துக்காக மலைமலையாக ஏறிச் சேர்த்த பொட்டலங்கள், வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அட்டைப்பெட்டிக்குப் போகின்றன. பிறகு வெள்ளையடிக்கும்போது பெட்டியும் போகிறது. ஆய்வேட்டை வாங்கும்போதே மாதிரிகளையும் களக்குறிப்பேட்டின் நகலையும் பதிவுபெற்ற ஒரு காப்பகத்தில் ஒப்படைத்த சான்றைக் கேட்டால் என்ன? பல்கலைக்கழகங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டாலே போதும். ஏற்கெனவே பெட்டிகளில் கிடப்பவற்றின் சீட்டுகளை இந்தக் கோடை விடுமுறையிலேயே செல்பேசியில் படம் எடுக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்