பினாங்கில் எட்டு மணி நேரம்

அன்புள்ள கயல்,

பினாங்கில் இறங்கிய அன்று நான் இரண்டே படங்கள்தான் அனுப்பினேன் என்று குறைப்பட்டுக்கொண்டாய். உன் அப்பா எடுத்தது நூற்றுக்கு மேல் இருக்கும், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள். நான் அன்றைக்குப் படம் எடுக்கிற நிலையில் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கப்பலை விட்டு இறங்கினோம். மாலை நான்கு மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் ஏறி பினாங்கு மலைக்கும் கேக் லோக் சி புத்தர் கோயிலுக்கும் போய்விட்டார்கள். அந்த மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியதாம், அப்பாவுக்கு அதில் ஏற ரொம்ப ஆசை. நான்தான் வேண்டாம் என்றேன். சிங்கப்பூரிலிருந்து நீ டிக்கெட் போட்ட நாளிலிருந்தே என் மனசில் ஒரு தெரு மட்டும்தான் இருந்தது. என் அப்பா, உன் தாத்தா, எங்களுக்குக் கடிதம் எழுதிய மார்க்கெட் ஸ்ட்ரீட்.

உனக்குத் தாத்தாவை ஈஸிசேரில் சாய்ந்திருந்த கிழவராகத்தான் தெரியும். எனக்கு ஆறு வயதாகும்வரை அவர் முகமே சரியாகத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நான்கு மாதம் இருப்பார், மறுபடி கப்பலேறிவிடுவார். ரஜூலா என்று கப்பலின் பெயர். 1926இல் கட்டினது, மெட்ராஸிலிருந்து நாகப்பட்டினம் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். பாட்டி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள், நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படகு சின்னதாகிக்கொண்டே போகும். டெக் டிக்கெட், கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம், பாயும் பெட்டியும்தான் படுக்கை. நாங்கள் பால்கனி வைத்த அறையில் படுத்து அதே துறைமுகத்துக்குப் போய் இறங்கினோம். முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கப்பல் நிற்கிற சுவெட்டன்ஹாம் துறை ஊரின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த அறுபதாம் ஆண்டுக்காக ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது, வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் அதுதான். கோட்டையைச் செங்கல்லில் எடுத்துக் கட்டியபோது வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அப்பா பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றேன். எந்த ஊர்க் கைகளோ.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் பினாங்கு ஸ்ட்ரீட், அப்புறம் மார்க்கெட் ஸ்ட்ரீட். பூக்கடை, பாத்திரக்கடை, மசாலா அரைக்கிற வாசனை, கடைக்குக் கடை பாட்டு. தமிழில் பேரம் பேசித் தமிழிலேயே சில்லறை வாங்கினேன். தாத்தா வேலை பார்த்த மளிகைக் கடையின் எண் எனக்குத் தெரியாது. கடிதங்களைக் கரையான் தின்று எத்தனையோ வருஷமாகிறது. அதனால் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தடவை நடந்தேன். கடைவீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், கீழே கடை, மேலே மரக் கதவு வைத்த ஜன்னல். முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம், அதை அங்கே காக்கி லிமா என்கிறார்கள். மேல் மாடியில் பதினோரு பேர் படுக்கிறோம், புழுக்கமான நாளில் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவேன் என்று தாத்தா எழுதியது நினைவிருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. அதனால் அந்தத் தாழ்வாரங்கள் இன்னும் இருக்கின்றன. எதில் படுத்தார் என்று தெரியாவிட்டாலும், படுத்த இடத்தைத் தாண்டித்தான் நான் போயிருக்க வேண்டும்.

ஒரு ஜவுளிக் கடையில் பெரியவர் ஒருவர் உட்காரச் சொன்னார். எந்த ஊரம்மா என்றார். நாகப்பட்டினம் என்றதும், எங்க அத்தாவும் ரஜூலாவில் வந்தவர்தான் என்றார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கிளம்பும்போது, நாகூர் பார்த்துட்டீங்களா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இதோ, கிங் ஸ்ட்ரீட்டிலேயே நேரே போனால் சூலியா ஸ்ட்ரீட் மூலையில் இருக்கே என்றார்.

கயல், உனக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தாத்தாவின் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டு மாமாதான் படித்துக் காட்டுவார். ஒரு கடிதத்தில், வியாழக்கிழமை நாகூர் போய்வந்தேன், பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். நாகூர் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவு தூரம் வந்தவர் வீட்டுக்கு வராமல் போய்விட்டாரே என்று நான் அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாட்டியாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஏதோ எழுதியிருக்கார், பேசாமல் சாப்பிடு என்றாள். அவர் ஊருக்கே வந்து சேர்ந்த பிறகும் நான் கேட்கவில்லை. கேட்க முடியாத ஒன்றாக அது உள்ளே போய்விட்டது. எங்களைப் பார்க்காமல் போனவர் என்ற ஒரு சின்ன வருத்தத்தோடுதான் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டேன்.

அந்த மூலையில் ஒரு சின்னக் கட்டடம். நம் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பாதுஷா பெயரில் 1800களின் தொடக்கத்தில் எழுப்பிய தர்கா. கடல் தாண்டி வந்தவர்கள் தங்கள் நாகூரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தாத்தா போய்வந்த நாகூர் இதுதான். ஆறு வயதில் தொடங்கியது அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் வெயிலில் தீர்ந்தது. அப்பா என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்ல முடியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு அனுப்பிய இரண்டு படங்களில் ஒன்று அதுதான். வெறும் சுவர் என்று நீ நினைத்திருப்பாய்.

அதற்கப்புறம் பார்த்ததையெல்லாம் நான் பாதிக் கண்ணோடுதான் பார்த்தேன். குயின் ஸ்ட்ரீட்டில் 1833ஆம் வருஷத்து மகாமாரியம்மன் கோயிலில் நடை சாத்துவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம், உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தமிழ் முஸ்லிம்கள் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் இருக்கின்றன. பகலுக்கு நாசி கண்டார் சாப்பிட்டோம். நம் தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரிக் கம்பில் சோற்றையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் விற்ற சாப்பாடு அது. கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். நான்கைந்து குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றுவதை பஞ்சிர் என்கிறார்கள். அப்பா இரண்டாம் முறையும் பஞ்சிர் கேட்டார்.

ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் பெரிய வரிசை. பார்த்தோம், நகர்ந்தோம். சூ படகுத்துறைக்குப் போனது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தண்ணீருக்கு மேல் மரத்தூண்களில் நிற்கிற சீனக் குடும்பங்களின் வீடுகள். அழகுதான். ஆனால் ஒரு வீட்டில் ஒரு அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், வாசலில் நின்று நாலு பேர் அவளைப் படம் எடுக்கிறார்கள். நான் அப்பாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீ போனால் பலகைப் பாதையின் கடைசிவரை நடந்து கடலைப் பார், வீடுகளுக்குள் பார்க்காதே.

மூன்றரைக்கே கப்பலில் இருந்தோம். கப்பல் நகர்ந்தபோது மணிக்கூண்டு தெரிகிறவரை மேல்தளத்தில் நின்றேன். இதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தாத்தா ஊருக்குத் திரும்பியிருப்பார், பெட்டியில் எங்களுக்கு என்ன வாங்கி வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தபடி.

அவர் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவது ஜாதிக்காய்த் தைலம். பினாங்கில் அது இன்னும் கிடைக்கிறது, புட்டியைத் திறந்ததும் எனக்கு அவர் சட்டை வாசனை வந்தது. மூன்று வாங்கினேன். ஒன்று அப்பாவின் முழங்காலுக்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று உனக்கு. அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன், வந்ததும் சொல்லு.

அம்மா