முதல் காட்சியில் கேட்டது படத்தின் ஒலியா, தியேட்டரின் ஒலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு, மறுநாள் உங்கள் பெங்களூரு பதிப்பில் வெளியிடுகிறீர்கள். 'முதல் பாதி தீ, இரண்டாம் பாதி லேக் (இழுவை)', 'பிஜிஎம் (பின்னணி இசை) காதைக் கிழிக்கிறது', 'வசனமே புரியவில்லை', 'படம் முழுக்க இருட்டு' என்ற நான்கு வரிகள் எந்தப் படத்துக்கும் மாறாமல் வருகின்றன. இவற்றில் முதல் வரி மட்டுமே நிச்சயமாகப் படத்தைப் பற்றியது. மற்ற மூன்றும் படத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம், அந்தத் தியேட்டரைப் பற்றியதாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் அச்சில் ஏற்றும்போது, இரண்டு வருடம் உழைத்த ஒலிக் கலைஞர் மேல் வேறொருவரின் தவறு விழுகிறது.

பெங்களூரிலிருந்து கிளம்பும் கருத்துக்குத் தனிக் கனம் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம். 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணி என்றாகிவிட்டது. இங்கே 6 மணிக்கோ 6.30-க்கோ படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இரவோடு இரவாக அத்திப்பள்ளி தாண்டி வருவது இதற்காகத்தான். அதனால் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றித் தமிழ்நாடு கேட்கும் முதல் சொல், பல நேரம் இங்கிருந்தோ கேரளத்திலிருந்தோதான் போகிறது. மதுரையில் முதல் காட்சிக்கு ஆள் உள்ளே நுழையும் முன்பே பெங்களூரின் லாவண்யா தியேட்டர் வாசலிலோ ஊர்வசி தியேட்டர் வாசலிலோ தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

கருத்தே சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்சி அல்ல. படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவருக்குப் பேச உரிமை உண்டு. பேசுகிறவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த 6 மணிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். இன்று படம் ஃபிலிம் பெட்டியில் வருவதில்லை. நூறு, இருநூறு ஜிபி அளவுள்ள பூட்டிய கோப்பாக முன்கூட்டியே தியேட்டர் சர்வரில் ஏற்றப்படுகிறது. திறப்பதற்கான சாவி, ஆபரேட்டர்கள் 'கேடிஎம்' என்று சொல்வது, தனியாக வரும். அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரம் வரை மட்டுமே செல்லும். விநியோகக் கணக்கு வழக்கு முடியாவிட்டால் சாவி தாமதமாகும். சர்வரின் உள்பலகையைச் சமீபத்தில் மாற்றியிருந்தால், பழைய பலகைக்கு வந்த சாவி புதியதைத் திறக்காது. வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டர் மேலே மின்னஞ்சலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது இதனால்தான். இதில் கருத்துச் சொல்பவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: சாவி கடைசி நேரத்தில் திறந்தால், படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆபரேட்டருக்கு நேரமே கிடைத்திருக்காது. அந்தப் படத்துக்கு ஒலியை எவ்வளவு வைப்பது, எந்த லென்ஸ் அமைப்பு என்பதெல்லாம் முதல் காட்சி ஓடும்போதுதான் சரிசெய்யப்படும். அதோடு விசில், தாரை தப்பட்டை, பறக்கும் காகிதம், தூக்கிப் பிடித்த நூறு செல்பேசிகளின் வெளிச்சம். அந்தக் காட்சியில் கதை கோர்வையாக இருக்கிறதா, இடைவேளை சரியான இடத்தில் விழுகிறதா, நாயகன் அறிமுகம் எடுபடுகிறதா என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். வசனம், பின்னணி இசை, ஒலிக்கலவை, ஒளிப்பதிவின் நிறம் இவற்றைப் பற்றி அங்கிருந்து தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

ஒலி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. தியேட்டரின் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. படத்தின் ஒலியைக் கலக்கும் கூடத்தில் 7 என்ற அளவில் வைத்துத்தான் வேலை நடக்கிறது. தியேட்டரும் 7-இல் வைத்தால் கலந்தவர் கேட்டது நமக்கும் கேட்கும். நடைமுறையில் இரைச்சல் புகார் வந்ததும் 5-க்கோ 4.5-க்கோ இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 3.3 டெசிபெல் குறையும். 4-க்கு வந்தால் 10 டெசிபெல் போய்விடும், காதுக்கு அது பாதி சத்தம். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது சத்தம் தாங்கவில்லை என்று எல்லா ஊரிலும் புகார் எழுந்தது. ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டதாக அதன் தயாரிப்பாளரே சொன்னார். சண்டையும் பின்னணி இசையும் அப்போது தாங்கும் அளவுக்கு வந்துவிடும். ஆனால் இறக்கும்போது எல்லாமே சேர்ந்துதான் இறங்கும். மெதுவாகப் பேசும் வசனம் ஏசி இரைச்சலுக்கும் பாப்கார்ன் பொட்டலச் சத்தத்துக்கும் கீழே போய்விடுகிறது. முதல் நாள் பார்த்தவர் 'காது போச்சு' என்கிறார், நான்காம் நாள் பார்த்தவர் 'பேசுவதே கேட்கவில்லை' என்கிறார். இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குறை ஒலிக்கலவையில்தான்: அமைதியான இடத்துக்கும் ஆரவாரத்துக்கும் இடையில் தூரம் அளவு மீறிப் போயிருக்கிறது.

தியேட்டரின் குறை வேறு மாதிரி இருக்கும். பின்னணி இசையே இல்லாத, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் குரலைக் கவனியுங்கள். அப்போதும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்து, பாடல்கள் மட்டும் பளிச்சென்று கேட்டால், சந்தேகப்பட வேண்டியது நடு ஸ்பீக்கரை. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் அந்த ஒரே ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. பாடலின் வாத்தியங்கள் இடம் வலமாகப் பிரிந்து வரும். நடு ஸ்பீக்கரின் மேல்ஸ்தாயிப் பகுதி எரிந்து போயிருக்கலாம். அல்லது திரையில் உள்ள பொடித் துளைகளில் தூசி அடைந்து 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் மங்கியிருக்கலாம். இதைச் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். புகையிலைக் காட்சி உள்ள படத்துக்கு முன்னும் இடைவேளையை ஒட்டியும் குறைந்தது 30 விநாடிக்குப் புகையிலை எச்சரிக்கைப் படம் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் வெறும் பேச்சுக் குரல்தான் பெரிதாக இருக்கும். அந்தக் குரலே தெளிவாக இல்லை என்றால், அடுத்து வரும் படத்தின் வசனத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

உதட்டசைவு பொருந்தவில்லை என்ற புகாரிலும் இதே கவனம் வேண்டும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் போகும். படம் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் நகரும் நேரத்தில் ஒலி ஏறக்குறைய 14 மீட்டர்தான் கடக்கும். பழைய பெரிய ஒற்றைத் திரை அரங்கில் திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, பால்கனியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உதடு முந்தும், குரல் இரண்டு ஃபிரேம் பிந்தும். அது டப்பிங் கலைஞரின் பிழை அல்ல. குரல் முந்தி உதடு பிந்தினால் அதற்குத் தூரம் காரணமாக முடியாது. அப்போது தாராளமாகப் புகார் சொல்லுங்கள். ஒலியைச் சரியாகக் கேட்க நினைப்பவர் திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு வரிசையில் டிக்கெட் எடுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் பால்கனிக்கு அடியில் அமர்ந்தவர், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

'படம் இருட்டு' என்பதற்கு வருவோம். சாதாரண 2டி படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள அளவு. ஒளிப்பதிவாளரும் நிறம் சேர்ப்பவரும் அந்த அளவில் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ப்ரொஜெக்டரின் செனான் விளக்கு வயதாக ஆக வெளிச்சம் இறங்கும்; மாற்றும் செலவை நினைத்து இழுத்து ஓட்டும் இடங்கள் உண்டு. ப்ரொஜெக்டர் அறையின் கண்ணாடியில் தூசி படிந்தாலும் மங்கும். 3டி படத்துக்குப் போட்ட வடிகட்டியைக் கழற்ற மறந்து 2டி ஓட்டினால் பாதிக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். பரிசோதிக்க ஓர் எளிய வழி, எல்லாப் படத்துக்கும் முதலில் வரும் தணிக்கைச் சான்றிதழ். வெளிர் தாளில் பொடி எழுத்து. தாள் பழுப்பாகத் தெரிந்தால் விளக்கு. நடுவில் எழுத்துத் தெளிந்து ஓரத்தில் கலங்கினால் ஃபோகஸ். தாளின் விளிம்பே வெட்டுப்பட்டால் லென்ஸ் அமைப்பு தவறு, ஓர் அகலத்தில் எடுத்த படத்தை வேறோர் அகலத்துக்கான அமைப்பில் ஓட்டுகிறார்கள் என்று பொருள். கடைசியாகச் சொன்னது ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகும், யாராவது எழுந்து போய்ச் சொன்னால். முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஆபரேட்டர் பெரும்பாலும் கன்னடக்காரர். 'ஸ்வல்ப நோடி சார், ஃபோகஸ் இல்லா' என்று மரியாதையாகச் சொன்னால் செய்துகொடுப்பார்கள்.

அந்தச் சான்றிதழில் இன்னொரு பயனும் இருக்கிறது. படத்தின் நீளம் அதில் இருக்கும். 'லேக்' என்று சொல்பவர்கள் எத்தனை நிமிடப் படத்தைப் பார்த்தார்கள் என்பது முக்கியம். 2024-இல் மூன்று மணி நேரம் ஓடிய 'இந்தியன் 2' வெளியான சில நாளிலேயே சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. குறைத்த பதிப்பு புதுக் கோப்பாக, புதுச் சாவியோடு வர வேண்டும். எல்லாத் தியேட்டரிலும் ஒரே வேளையில் மாறாது. ஸ்ரீராமபுரத்தில் பார்த்தவரும் மல்லேஸ்வரத்தில் பார்த்தவரும் ஒரே நாளில் இரு வேறு நீளத்தைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. இடைவேளை விடும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். 'இடைவேளைக்குப் பின் அரை மணி நேரம் வில்லனின் பழைய கதை, அதே தகவல் இரண்டாம் முறை வருகிறது' என்று சொன்னால் அது பயனுள்ள கருத்து. படத்தொகுப்பாளருக்கும் உதவும், டிக்கெட் எடுக்கப் போகிறவருக்கும் உதவும்.

மொழியையும் சொல்ல வேண்டும். ஒரே படம் இந்த ஊரில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஓடுகிறது. டிக்கெட் கிடைக்காமல் தெலுங்குப் பதிப்பைப் பார்த்துவிட்டு வசனத்தில் ஊர்வாசனை இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை ரூபாய்க்குப் பார்த்தார் என்பதும் தீர்ப்பை மாற்றும். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு விதித்த 200 ரூபாய் உச்சவரம்பை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்துவிட்டது. பெரிய தொகை கொடுத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் விலைக்கு உரிய பங்கு எவ்வளவு என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள். ஒவ்வொரு கருத்தின் கீழும் தியேட்டர், காட்சி நேரம், மொழி, 2டியா 3டியா, டிக்கெட் விலை ஆகியவற்றை ஒரே வரியில் போடுங்கள். நிருபர் இந்த ஐந்தையும் கேட்க அரை நிமிடம் போதும். 6 மணிக் காட்சியில் எடுத்த கருத்தில் கதையின் முடிச்சை அவிழ்க்கும் சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள். திரையைச் செல்பேசியில் பிடித்துக் காட்டுபவரின் படத்தைப் பத்திரிகையில் போடாதீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலும் குற்றம்: மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் 3 லட்சத்தில் தொடங்குகிறது. இடைவேளைக் காட்சியைப் பத்து விநாடி பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சுற்று முடிந்ததும், திங்கட்கிழமை மாலைக் காட்சியில் மறுபடியும் நான்கைந்து பேரிடம் கேளுங்கள். அன்று விசில் இருக்காது, ஒலி அளவும் நிலைக்கு வந்திருக்கும், குடும்பத்தோடு வருபவர்கள் இருப்பார்கள். வசனம், இசை, ஒளிப்பதிவு பற்றிய கேள்விகளை அவர்களிடம் கேட்டு, செவ்வாய்க்கிழமை பதிப்பில் அதே அளவு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்த் திரைப்பட ரசிகர்கள்,
அல்சூர், பெங்களூரு